பெங்களூரும் கேழ்வரகுக் களியும்

பெங்களூர், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த நகரம். பேராறு எதுவும் அருகில் இல்லை. ஏரிகளை வெட்டி மழைநீரைத் தேக்கியே இங்குள்ளோர் வாழ்ந்தனர். ஆகவே, வானத்தை நம்பி மேட்டு நிலத்தில் விளையும் கேழ்வரகே தொன்றுதொட்டு இவ்வட்டாரத்தாரின் உணவாயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர், நெல்லும் கேழ்வரகும் தம்முள் பெரியவர் யார் என்று வழக்காடுவதாக 'ராமதான்ய சரிதே' என்னும் காவியமே பாடியிருக்கிறார். இரண்டையும் ஆறு திங்கள் சிறையில் வைத்த இராமபிரான், வாடாது நின்ற கேழ்வரகுக்கே வெற்றியளித்தான் என்பது கதை.

1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கு மாற்றிப் பாளையம் அமைத்தனர். அதனை ஒட்டியே அல்சூரிலும் இன்று சிவாஜிநகர் என வழங்கும் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்தோர் பலர். அம்மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களில் களியும் கூழுமே அன்றாட உணவு. நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் உரியது. நகரத்தில் மாதச் சம்பளமும் ரேஷன் அட்டையும் கிடைத்தபின் அந்தப் பண்டிகைச் சோறு நாள்தோறும் இலைக்கு வந்தது. காலையில் இட்லி, நண்பகலில் சோறு, இரவில் தோசை, மூன்றும் அரிசியே. வறுமை நீங்கியதன் அடையாளமாக நம் மூத்தோர் அதனைக் கொண்டாடியதில் வியப்பில்லை.

சென்ற தை மாதத்தில் நாங்கள் சிலர் இந்நகரின் பழைய பேட்டைப் பகுதியில் ஒரு நாள் சுற்றினோம். நண்பகலில் 'மிலிட்டரி ஓட்டல்' ஒன்றில் அமர்ந்தோம். கன்னடர் 'முத்தே' என்னும் களியுருண்டை, இலையில் ஆவி பறக்க வந்தது. இதனை மென்று தின்னலாகாது. விண்டு, சாற்றில் தோய்த்து, விழுங்க வேண்டும். எங்களுள் ஒருவர் மெல்லக் கண்டு பக்கத்து இலைக்காரர் புன்னகைத்தார்! எதிரே, மார்க்கெட்டில் மூட்டை சுமக்கும் இருவர் ஆளுக்கு இரண்டு உருண்டைகளை முடித்து எழுந்தனர். அடுத்த மேசையில் அலுவலக அன்பர் இருவர்; அவர்களும் இரண்டிரண்டே உண்டனர். முன்னவர் உண்டது மாலைக்குள் உழைப்பில் கரையும். பின்னவர் உண்டது எங்கே கரையும்?

மாவுச்சத்து எதுவாயினும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாகவே இரத்தத்தில் சேர்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகிறது. உழைக்காத உடலில் மூவேளையும் மாவுச்சத்தே குவிந்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைகிறது. கணையமும் களைத்துப் போகிறது. அதன் பின் கண், சிறுநீரகம், இதயம், பாதத்து நரம்பு என ஒவ்வொன்றாய்ப் பழுதுறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி நம் நாட்டில் நீரிழிவு உற்றோர் 10.1 கோடி, அதன் வாயிலில் நிற்போர் 13.6 கோடி.

டாக்டர் சொன்னதால் கேழ்வரகு இப்பொழுது நம் இல்லங்களுக்குத் திரும்பி வருகிறது. நல்லதுதான். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அரிசியைவிட அதில் மிகுதி. ஆனால் அது வரும் கோலம் எங்களுக்குக் கவலை தருகிறது. வெல்லமிட்ட கஞ்சியாகவும் பிஸ்கோத்தாகவும் வருகிறது. வழக்கமான சோறோ ஒரு பிடியும் குறையாமல் அப்படியே இருக்கிறது. கேழ்வரகிலும் நூறு கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்தே என்பதை மறக்கலாகாது. மேற்சொன்ன ஆய்வினர் 2025-இல் வெளியிட்ட உணவுக் கணக்கு இதனைத் தெளிவாக்கியது. இந்தியர் பெறும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ உண்டவரிடத்தில் நீரிழிவு அபாயம் குறைந்து காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கு, கலோரிக் கணக்கில் 5 விழுக்காடு, பருப்பு அல்லது பால் புரதத்துக்கு இடம் விடும்போதே அபாயம் குறைவாகக் காணப்பட்டது.

இதனை மனத்தில் கொண்டு அந்த ஓட்டல் இலையை நினைத்தால், நாம் கண்டு கொள்ளாத பாதி புலப்படும். கன்னட நாட்டுச் சிற்றூர்களில் களி தனியே வருவதில்லை. கீரையும் பயறும் வேக வைத்து, வடித்த நீரில் சாறு கூட்டி, வெந்ததைத் தாளித்துத் தொடுகறியாக்குவர். 'பஸ்ஸாரு' என்பது அதன் பெயர். நாமோ உருண்டையை மட்டும் எடுத்துக் கொண்டோம்.

மாலையில் பசவனகுடிப் பக்கம் போனோம். 'அவரெக்காய்' என்று இவர்கள் போற்றுவது நம் மொச்சையே. பனிக்காலக் காயின் 'சொகடு' என்னும் மணத்துக்கே தனி ரசிகர்கள் உண்டு. ஊற வைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை மகளிர் குவித்து வைத்து விற்றனர். கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர் அதைக் கண்டதும், "எங்கள் ஊர்ப் பிதுக்குப் பருப்பு!" என்று கூவிவிட்டார். உலர்ந்த மொச்சையில் நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம். அரிசியிலும் கேழ்வரகிலும் 7, 8 கிராமே.

நோய் வாயிலில் நிற்போர் திரும்பி வரவும் வழியுண்டு. 2006-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், நாள்தோறும் அரைமணி நேரம் நடந்து, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் குறைத்தவரிடையே, மூன்றாண்டுகளில் நீரிழிவு வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. மாத்திரையோ இன்சுலினோ ஏற்கெனவே கொள்பவர் மட்டும் டாக்டரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைக்க வேண்டா. சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும்.

திரும்பும்போது நண்பர் இரண்டு படி மொச்சை வாங்கினார். அல்சூர் வரும்வரை பஸ்ஸில் அந்த மணம் எங்களோடு வந்தது.