உறவு காட்டிய துப்பு

சென்ற பொங்கல் விடுமுறையில், அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் ஊருக்கு வந்திருந்தார். எல்லோருக்கும் துணிமணி, மிட்டாய் என்று கொண்டு வந்தவர், அப்பத்தாவுக்கு மட்டும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து நீட்டினார். உள்ளே ஒரு சிறு குழாய் இருந்தது. அதில் எச்சிலைத் துப்பி மூடிக் கொடுத்துவிட்டால் போதுமாம். நம் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள், உலகத்தில் எங்கெங்கே நமக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடுமாம்.

எண்பத்தைந்து வயது அப்பத்தா குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா, இதுல என் ஒருத்தி கணக்கு மட்டுந்தான் இருக்குமா? இல்ல, நம்ம வகையறா கணக்கு பூராம் இருக்குமா?"

அண்ணன் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் எங்கள் விலங்கியல் மன்றத்தில் 'மரபணுவும் துப்பறிதலும்' என்னும் தலைப்பில் நான் பேசியிருந்தேன். அன்று கைதட்டல் நிறையவே கிடைத்தது. ஆனால் பேச்சில் பாதியைத்தான் பேசினேன் என்பது அப்பத்தாவின் கேள்வியைக் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது. மன்றத்தில் விட்டுப்போன மறுபாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில், மன்றத்தில் பேசியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களிலும் 1980களிலும் ஒரு கொடியவன் இரவில் வீடு புகுந்து மக்களை நடுங்க வைத்தான். 13 கொலைகள், ஐம்பதுக்குக் குறையாத பாலியல் வன்கொடுமைகள், நூற்றுக்கு மேற்பட்ட வீடு புகுந்த திருட்டுகள் ஆகியவை அவன் கணக்கில் எழுதப்பட்டன. அவன் விட்டுச் சென்ற டி.என்.ஏ. தடயம் போலீசாரிடம் இருந்தது. ஆனால் அது யாருடையது என்று தெரியவில்லை. போலீசாரின் பதிவேட்டில் இருப்பவை பெரும்பாலும் முன்பே பிடிபட்டவர்களின் விவரங்கள். ஒருமுறையும் அந்தப் பதிவேட்டில் ஏறாதவனை அதில் எப்படித் தேடுவது?

அப்போதுதான் வேறொரு வழி தோன்றியது. ஆளைத் தேடுவதை விட்டு, ஆளின் உறவினரைத் தேடினால் என்ன?

போலீஸ் பதிவேடு டி.என்.ஏ.யில் இன்று 20 இடங்களை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஆளை அடையாளம் காண அது போதும். தூரத்து உறவை அறிய அது போதாது. பூர்வீகம் தேடுவோர் செய்துகொள்ளும் சோதனையோ ஆறேழு லட்சம் புள்ளிகளைப் பார்க்கிறது. இருவருக்குப் பொதுவான பகுதி எவ்வளவு நீளம் என்பதைச் 'சென்டிமார்கன்' என்னும் அலகால் அளக்கிறார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் அது ஏறத்தாழ 3,400. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளோடு சராசரியாக 850 அளவில் இருக்கும். ஒரே பூட்டனின் வழிவந்தவர்களுக்கு 230 அளவில் இருக்கும். ஒரே ஓட்டனின் வழிவந்தவர்களுக்கு 70 என்ற அளவுக்குத் தேய்ந்துவிடும். உறவு விலக விலக இரத்தப் பங்கு கரைந்துகொண்டே போகிறது.

இப்படிச் சோதித்தவர்கள் தாமே முன்வந்து தம் விவரங்களைச் சேர்த்து வைக்கும் 'ஜெட்மேட்ச்' என்ற பொதுத் தளம் ஒன்று உண்டு. கொலையாளியின் தடயத்தை அங்கே ஒப்பிட்டபோது தூரத்து உறவினர் சிலர் அகப்பட்டனர். அவர்களிடமிருந்து மேலே ஏறி, 1800களின் தொடக்கத்தில் வாழ்ந்த பொது முன்னோரைக் கண்டார்கள். பிறகு பிறப்பு, திருமணம், இறப்பு, மக்கள்தொகைப் பதிவுகளைக் கொண்டு கிளை கிளையாகக் கீழே இறங்கினார்கள். இந்தக் கொடிவழியை வகுப்பதில் வழிகாட்டியவர் பார்பரா ரே-வென்டர் என்னும் ஓய்வு பெற்ற காப்புரிமை வழக்கறிஞர். வயது, பால், ஊர் ஆகியவற்றால் வடிகட்டியதில் ஒரு பெயர் நின்றது. ஜோசப் ஜேம்ஸ் டிஏஞ்சலோ. ஒரு காலத்தில் போலீஸ்காரராகவே வேலை பார்த்தவன்! அவனுடைய கார்க் கதவின் கைப்பிடியிலிருந்தும், குப்பையில் எறிந்த காகிதக் கைக்குட்டையிலிருந்தும் மாதிரி எடுத்து ஒப்பிட்டார்கள்; பொருந்தியது. 2018 ஏப்ரல் 24 அன்று கைது செய்யப்பட்டபோது அவனுக்கு வயது 72. 2020இல் குற்றங்களை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றான்.

இதுவரை சொல்லி நிறுத்தினேன். எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் எழுந்து, "இந்த முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?" என்று கேட்டார். "நூற்றுக்கு நூறு, ஐயா" என்றேன். கைதட்டல் எழுந்தது. அவர் மட்டும் கைதட்டவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது திருத்திக்கொள்ள விரும்புகிறேன்.

ஐடஹோ மாநிலத்தில் ஐடஹோ ஃபால்ஸ் என்றொரு நகரம். 1996 ஜூன் மாதம் அங்கே பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டாள். அவ்வழக்கில் இருபது வயது இளைஞன் ஒருவனைப் பிடித்து, நாள் கணக்கில் விசாரித்து, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கினார்கள். கொலை நடந்த இடத்தில் கிடைத்த டி.என்.ஏ. அவனுடையதன்று. ஆயினும் 1998இல் அவனுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. உண்மையான தடயம் 'நான் வேறொருவன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்பார் இல்லை.

2014இல் அந்தத் தடயத்தைப் பூர்வீக ஆய்வுத் தொகுப்பு ஒன்றில் ஒப்பிட்டார்கள். அப்போது பார்த்தது தந்தையிடமிருந்து மகனுக்கு அப்படியே இறங்கும் ஒய் குரோமோசோமை. 35 அடையாளங்களில் 34 ஒரு மனிதரோடு ஒத்துப்போயின. எப்போதோ நல்லெண்ணத்தோடு மாதிரி கொடுத்தவர் அவர். வயதுக் கணக்கில் அவர் பொருந்தவில்லை. எனவே கண் அவர் மகன் மீது விழுந்தது. மகன் வேறு மாநிலத்தில் குறும்படம் எடுப்பவர். அவர் படங்களில் கொலை வருகிறது. அவர் ஐடஹோ பக்கம் போய் வந்ததும் உண்டு. ஐயம் வந்துவிட்டால் எல்லாமே சான்றாகத் தெரியும் அல்லவா? நீதிமன்ற ஆணையோடு வந்து அவருடைய மாதிரியை எடுத்துக்கொண்டு போனார்கள். முடிவு வரும்வரை அந்த மனிதர் எப்படி உறங்கியிருப்பார்? இறுதியில் அவர் குற்றவாளி அல்லர் என்று தெரிந்தது. ஒய் குரோமோசோம் பல தலைமுறைக்கு மாறாமல் வருவதால், எங்கோ பிரிந்துபோன பங்காளிகளும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். ஒற்றை அடையாளம் தவறியதற்குள்ளே இத்தனை தூரம் ஒளிந்திருந்தது.

அதே வழக்கில், அதே தடயத்தைக் கொண்டு, இலட்சக்கணக்கான புள்ளிகளை ஒப்பிடும் புதிய முறையில் மீண்டும் தேடினார்கள். இம்முறை கிடைத்தது, கொலை நடந்த காலத்தில் அப்பெண்ணின் வீட்டுக்கு எதிரே குடியிருந்த ஒருவன். அவன் எறிந்த சிகரெட் துண்டு நேரடிச் சோதனையில் பொருந்தியது. 2019 மே மாதம் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். முன்பு தண்டிக்கப்பட்டவர் இருபது ஆண்டுகள் சிறையில் கழித்து 2017இல்தான் வெளியே வந்திருந்தார், கொலைப்பழியோ தீரவில்லை. 2019 ஜூலையில் அந்தப் பழியும் நீங்கியது. இவ்வழக்கில் என்னை உலுக்கிய செய்தி வேறு. அவர் குற்றவாளி அல்லர் என்று பல ஆண்டுகளாக வாதாடியவர்களுள் ஒருவர், மகளைப் பறிகொடுத்த அந்தத் தாயே.

ஒரே வழக்கில் உறவுத் துப்பு ஓர் அப்பாவியைச் சுட்டியது. வேறோர் அப்பாவியின் பழியையும் துடைத்தது. அப்படியானால் எதை நம்புவது?

இறுதியில் செய்யப்படும் நேரடி ஒப்பீடு மிகவும் உறுதியானது. சந்தேகப்பட்டவனின் மாதிரியும் தடயமும் ஒன்றா, இல்லையா என்பதை அது சொல்லிவிடும். தவறு புகுவது அதற்கு முன்னுள்ள படிகளில்தான். பல உறவுகளுக்கு சென்டிமார்கன் அளவு ஒன்றாகவே வரும். சுவீகாரம் போன பிள்ளையும், ஊரறியாத பிறப்பும் பதிவேட்டில் இரா. அங்கே கொடி அறுந்துபோகும். நேரடி ஒப்பீட்டுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிச்சம் நிற்கும். டி.என்.ஏ. அங்கே எப்படி வந்தது? 2012இல் கலிபோர்னியாவில் கொலையுண்ட ஒருவரின் நகத்தில் வேறொருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. அவரைச் சிறையில் அடைத்து மாதங்கள் சென்ற பின்புதான், கொலை நடந்த இரவில் அவர் குடிமயக்கத்தில் மருத்துவமனையில் கிடந்தது தெரியவந்தது. முன்னே அவரைத் தூக்கிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பின்னே கொலை நடந்த இடத்துக்கும் போயிருக்கிறார்கள். தடயம் அவர்கள் கையோடு போயிருக்கிறது.

நம்மைப் போன்றவர்களிடம் இம்முறையை வைத்துப் பார்த்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் வீட்டில் அப்பா தம் அத்தை மகளைத்தான் மணந்தார். தாத்தா தம் அக்காள் மகளை மணந்தார். மாமன் மகள், அத்தை மகள் என்று ஒரே கொடி திரும்பத் திரும்பப் பின்னிக்கொள்ளும்போது, தூரத்து உறவினரும் சோதனையில் நெருங்கிய உறவினர்போல் தோன்றுவர். அமெரிக்கச் சராசரிக் கணக்கைக் கொண்டு எங்கள் ஊரில் ஓட்டனைத் தேடினால், பூட்டன் வீட்டுக் கதவைத் தட்ட நேரும்!

இப்போது அப்பத்தாவிடம் வருகிறேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார்?

ஒருவன் செய்ததற்கு வகையறாவையே வரிசையில் நிறுத்திய காலத்தைச் சிறுமியாகக் கண்டவர் அவர். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று நூல்களில் படிக்கிறோமே, அதை எங்கள் பக்கத்தில் 'ரேகைச் சட்டம்' என்பார்கள். ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். பிறந்த குடியே குற்றம். இதை எதிர்த்துத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீங்கியது. அப்பத்தாவின் தந்தை தினமும் பொழுது சாய்ந்ததும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு போவாராம். "அய்யா எங்க போறீக?" என்று கேட்டால் "வேலைக்கு" என்பாராம். ஐந்தாறு வயதுவரை, அவர் இராக்காவல் வேலை பார்க்கிறார் என்றே அப்பத்தா நம்பியிருந்தாராம்.

ரேகைச் சட்டமும் மரபணு ஆய்வும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. முன்னது ஒரு குடியையே குற்றவாளி என்றது; பின்னது ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. ஆனால் தேடுகிற வழியில் குற்றமற்ற உறவினர் பலருடைய முற்றத்தைக் கடந்துதான் போகிறது. ஒருவர் கொடுக்கும் எச்சிலில், கொடுக்காத நூறு பேரும் அடங்கியிருக்கிறார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஏறத்தாழ 13 லட்சம் பேரின் விவரங்கள் கொண்ட ஒரே தொகுப்பு, ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு ஓட்டன் வழி உறவினரையோ அதனினும் நெருங்கியவரையோ காட்டிவிடும். துப்பாக இருக்கும்வரை உறவு உதவும். அதுவே தீர்ப்பாக மாறினால் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

அந்நாட்டினரும் இதை உணராமல் இல்லை. 2019 மே மாதம் முதல், இசைவு தெரிவித்தவர்களின் விவரங்களை மட்டுமே போலீசாருக்குக் காட்டுவது என்று ஜெட்மேட்ச் விதியை மாற்றியது. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க நீதித்துறை நெறிமுறை, உறவுத் துப்பை மட்டும் வைத்து எவரையும் கைது செய்யக் கூடாது, நேரடி ஒப்பீடு கட்டாயம் என்கிறது. 2021இல் மேரிலாந்து மாநிலம் இதற்கெனச் சட்டமே இயற்றியது. ஆசிரியர் அன்று கேட்ட கேள்விக்கு இன்று என் பதில் இதுதான்: "திசை காட்ட நம்பலாம், ஐயா. ஊர் வந்துவிட்டதா என்பதை இறங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்."

அன்று மாலை திண்ணையில் உட்கார்ந்து, ஐடஹோ தாயின் கதையை அப்பத்தாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்த கை நின்றது. நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த ஆத்தா வந்து கேட்டா நான் குடுத்திருப்பேன்யா. பெத்தவ கேட்டா இல்லேங்க முடியுமா? ஆனா உங்க அண்ணன் வெளாட்டுக்குல்ல கேக்குறான்?"

"அப்போ தர மாட்டீங்களா, அப்பத்தா?"

"என்னுது மட்டும்னா இப்பவே துப்பிருவேன். எல்லாருதும் இருக்குதுங்கிறியே. எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாரேன்."

அண்ணன் விமானம் ஏறிப் போய்விட்டார். பெட்டி எங்கள் வீட்டு மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. உறவினர் யார் வந்தாலும் அப்பத்தா அதை எடுத்துக் காட்டி விவரம் சொல்லி, சம்மதமா என்று கேட்கிறார். இதுவரை பதினேழு பேர் சரி என்றிருக்கிறார்கள். நான்கு பேர் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த நால்வரையும் அவர் ஏன் என்று கேட்கவில்லை.