தம்பியோடு கோவைக்கு ஒரு பயணம்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய் வந்து எழுதும் சகோதரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது கோயம்புத்தூரில் உள்ள ஒரு ஓட்டு வீட்டைப் பற்றி. போய் வர ஒரே நாள்தான் ஆனது. ஆனால் அங்கே போக எங்களுக்கு 38 வருஷம் ஆகிவிட்டது.

என் தம்பி சேதுவுக்கு வயது 38. அவனுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறவியிலேயே 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைந்துவிடுவதால் வருவது. யாருடைய பாவமும் சாபமும் இல்லை. அந்த நாளில் இதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. "இந்தப் பிள்ளை பதினைந்து வயதைத் தாண்டாது, உள்ளவரை சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு டாக்டர் சொன்னார். அம்மா அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஊட்டிவிட்டாள், குளிப்பாட்டிவிட்டாள், சட்டைப் பொத்தான் கூடப் போட்டுவிட்டாள். ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி வைக்க அவனை விட்டதில்லை.

2001-ல் எனக்குக் கல்யாணம். பெண் பார்க்க வந்த அன்று சேதுவை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். முகூர்த்தத்தன்றும் அப்படியே. தாலி கட்டும்போது "அக்கா" என்று அவன் கூப்பிட்டு அழுதது மண்டபம் வரை கேட்டிருக்காது. ஆனால் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. என் கணவர் விஷயம் தெரிந்ததும், "இதை ஏன் மறைச்சீங்க? அவனும் எனக்கு மச்சினன்தானே?" என்றுதான் கேட்டார். அப்பா காலமான பிறகு அம்மாவையும் சேதுவையும் கரூரில் எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தவரும் அவர்தான்.

அம்மாவுக்கு இப்போது 70. முழங்கால் வலி, சர்க்கரை. ராத்திரி விளக்கணைத்ததும் ஒரே கேள்விதான்: "எனக்கப்புறம் இவனை யாரு பார்ப்பா?" நான் இருக்கிறேன் என்றால், "உனக்கப்புறம்?" என்பாள். அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் உறவுக்காரப் பெண் ஒருத்தி கோவையில் இப்படிப்பட்ட பெரிய பிள்ளைகளுக்கு வேலை பழக்கும் இடம் இருக்கிறது என்று சொன்னாள். டெலிபோனில் கேட்டேன். "கூட்டிக்கிட்டு வாங்க கண்ணு, பார்க்கலாம்" என்றார்கள்.

பஸ்ஸில்

ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. விடியற்காலைப் பஸ்ஸில் கரூரிலிருந்து கிளம்பினோம். வெள்ளக்கோவில், காங்கேயம், பல்லடம், சூலூர் என்று போகும் வழி. காங்கேயத்தில் களங்களில் தேங்காய்ப் பருப்பு காயும் வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. பல்லடம் நெருங்க நெருங்கக் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் அவை சுழல்வதைப் பார்த்து சேது கைதட்டினான். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா உடனே அவன் கையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். 38 வருஷப் பழக்கம்!

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இட்லி சாப்பிட்டு, ஆட்டோ பிடித்துக் கணபதி பக்கம் போனோம். பம்புசெட்டுக்கும் கிரைண்டருக்கும் பேர்போன ஊர் அல்லவா? தெருவுக்குத் தெரு லேத் பட்டறைச் சத்தம். அதன் நடுவே அந்த வீடு. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் வரிசையாகச் செருப்புகள். எல்லாம் பெரியவர்கள் செருப்பு. பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போன எனக்கு, அந்தச் செருப்புகளைப் பார்த்ததுமே மனசில் என்னவோ செய்தது.

18 பேர், ஒரு பலகை

நடத்துபவர் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவருடைய மகனுக்கே ஆட்டிசம். நாலைந்து பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கியது. உள்ளே 18 பேர். ஒரு பக்கம் தையல் மெஷினில் மஞ்சப்பை தைக்கிறார்கள். இன்னொரு பக்கம் நீள மேஜை; கிரைண்டர் கம்பெனிக்கு வேண்டிய திருகாணி, வாஷர், நட் எல்லாம் கணக்காகப் போட்டுப் பாக்கெட் கட்டுகிறார்கள்.

"இவங்களுக்கு எண்ணத் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டேன்.

"பாதிப் பேருக்குத் தெரியாதுங்க. அதுக்குத்தான் இந்தப் பலகை" என்று ஒரு மரப்பலகையைக் காட்டினார். நம் பல்லாங்குழி மாதிரியே குழிகள்! குழிக்கு ஒரு திருகாணி. எல்லாக் குழியும் நிறைந்தால் எட்டு. அப்படியே கவரில் கொட்டிக் கட்டவேண்டியதுதான். ஒன்று குறைந்தால் குழி காலியாக இருக்குமே, தானே தெரிந்துவிடும்.

ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியாகப் பழக்க வேண்டும் என்றார். "நாம காபி போடறதை ஒரு வேலைன்னு நினைக்கிறோம். எழுதிப் பாருங்க, இருபது வேலை வரும். அதுல எந்த இடத்துல தடுமாறுறாங்களோ அங்கே மட்டும்தான் கை கொடுக்கணும். முழுசையும் நாமே செஞ்சுட்டா எப்பவும் வராது."

சேதுவை மேஜை முன் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் அவனைப் போலவே டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞன் ஒருவன். அவன்தான் வாத்தியார். "இப்படி, இப்படி" என்று ஒரே ஒருமுறை செய்து காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். சேது ஒரு திருகாணியை எடுத்தான், கீழே போட்டான். அம்மா குனிந்து எடுத்துக் குழியில் வைத்தாள். மறுபடி கீழே போட்டான். மறுபடி அம்மா குனிந்தாள்.

டீச்சர் அம்மாவின் தோளைத் தொட்டார். "அம்மா, நீங்க கொஞ்சம் வேப்பமரத்தடியில உட்காருங்களேன்."

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. வெளியே போய் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஜன்னலருகே நின்று பார்த்தேன். ஒரே ஒரு பாக்கெட் கட்ட சேதுவுக்கு 40 நிமிஷம் ஆனது. கட்டி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பக்கத்து இளைஞன் வாங்கிப் பார்த்து, "சரி" என்று கூடையில் போட்டான். அடுத்த பலகையைத் தள்ளினான். சேதுவும் அடுத்ததை எடுத்தான்!

வெளியே வேலைக்குப் போகிறவர்கள்

இங்கே பழகியவர்களில் ஆறு பேர் வெளியே வேலைக்குப் போகிறார்களாம். பேக்கரி, ஆஸ்பத்திரி கேன்டீன், பம்பு கம்பெனி என்று. முதல் சில வாரம் இங்கிருந்து ஒருவர் கூடவே போய் நின்று சொல்லித்தருவார். பிறகு எட்ட நிற்பார். பிறகு வாரம் ஒருமுறை வந்து பார்ப்பார். பஸ்ஸில் போகப் பழக்குவதும் அப்படித்தான். முதலில் பக்கத்து சீட், அப்புறம் பின் சீட், அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில், கடைசியில் ஒரு போன் மட்டும்.

"முன்னெல்லாம் நல்லாப் பழகட்டும், அப்புறம் வேலைக்கு அனுப்பலாம்னு வருஷக்கணக்கா உட்கார வெச்சிருப்பாங்க. முதல்ல வேலையில சேரு, அங்கேயே பழகுன்னு மாத்தினது அமெரிக்காவுல. 1984-லேயே அங்கே சட்டத்துல எழுதிட்டாங்க" என்றார் டீச்சர். நம் நாட்டிலும் நடக்கிறது. 2017-ல் ஹூப்ளியில் ஒரு கல்லூரிக்குள் தொடங்கிய மிட்டி கஃபே என்ற காபிக் கடையை மாற்றுத்திறனாளிகளே நடத்துகிறார்கள். 2023-ல் தில்லியில் சுப்ரீம் கோர்ட் வளாகத்திலேயே அதற்கு ஒரு கிளை திறந்தது.

எல்லாம் சுகமாகவே நடக்கிறது என்று டீச்சர் சொல்லவில்லை. ஒரு பையனைக் கூட வேலை செய்தவர்கள் கேலி செய்ததால் திரும்பி வந்துவிட்டானாம். மேஜை வேலைக்குப் பாக்கெட் கணக்கில்தான் கூலி. அது பஸ் காசுக்கும் டீக்கும் சரியாகிவிடும். "ஆனா வெளியே போற ஆறு பேருக்கும் பக்கத்துல நிக்கறவங்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் கேட்டு வாங்குவேன். இரக்கப்பட்டு வேலை கொடுக்காதீங்க, வேலை நடந்தா சம்பளம் கொடுங்கன்னு சொல்லுவேன்."

அம்மாவின் கேள்வியையும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "1983-ல அமெரிக்காவுலேயே இந்தப் பிள்ளைங்க சராசரியா 25 வயசுதான் இருந்தாங்க. இப்போ 60. இருதயக் கோளாறுக்கு ஆபரேஷன் வந்திருச்சு, நல்ல மருந்து வந்திருச்சு. முந்தி அப்பா அம்மா பிள்ளையை அனுப்பி வெச்சாங்க. இப்போ பிள்ளைங்க நம்மளை அனுப்பி வெக்கப் போறாங்க. அதுக்கு அவங்களைத் தயார் பண்ண வேண்டாமா?" சேதுவுக்குத் தைராய்டு பார்த்தீர்களா, காது, கண் பார்த்தீர்களா என்று விசாரித்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறை தைராய்டு பரிசோதனை அவசியமாம். மந்தமாக இருப்பதெல்லாம் பிறவிக் குணம் என்று விட்டுவிடக் கூடாது.

வாசகியருக்குச் சில விவரங்கள்

அங்கே குறித்து வந்ததையும், பிறகு கலெக்டர் ஆபீசுக்கு நடந்து தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். யாருக்காவது உதவட்டும்.

40 சதவீதத்துக்கு மேல் குறைபாடு என்று சான்று இருந்தால் அரசின் தனித்துவ அடையாள அட்டை பெறலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பெற்றோர் தாமாகவே சட்டப்படி காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். 1999-ம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து காப்பாளரை நியமித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் இப்போதுதான் மனுக் கொடுத்திருக்கிறோம். அதே அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு.

அரசு வேலையில் 1995-ம் வருஷச் சட்டம் தந்த 3 சதவீத ஒதுக்கீட்டில் இவர்களுக்கு இடமே இல்லை. 2016-ல் வந்த புதுச் சட்டம் அதை 4 சதவீதம் ஆக்கி, அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், பல வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது. சேதுவுக்கு அது எட்டாது. ஆனால் இன்று தொட்டிலில் இருக்கும் குழந்தைக்கு எட்டலாம் அல்லவா?

திரும்பி வந்தோம்

சாயங்காலம் டீச்சரிடம், "எப்போ கொண்டுவந்து விடட்டும்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இடம் இல்லை கண்ணு. இன்னும் 30 பேர் பேரைக் கொடுத்துட்டுக் காத்திருக்காங்க. தயவுசெஞ்சு பத்திரிகையில எங்க பேரை எழுதிடாதீங்க. வர்றவங்களை இல்லைன்னு அனுப்பறதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு." அதனால்தான் சகோதரிகளே, பெயரை எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையாக வந்தது. சேது மட்டும், "நாளைக்கு? நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். காங்கேயம் தாண்டியதும் அம்மா மெல்லச் சொன்னாள்: "நம்ம வீட்டுப் பரண்லேயும் ஒரு பல்லாங்குழி இருக்குது."

எங்கள் தெருமுனையில், பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு பூஜைச் சாமான் கடை. கல்யாண வீடுகளுக்குத் தாம்பூலப் பை கட்டித் தருவார்கள். கடைக்காரரிடம் என் கணவர் போய்ப் பேசினார். அவர் தயங்கித் தயங்கி ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினேன். ஒரு குழியில் மஞ்சள் கிழங்கு, ஒரு குழியில் கொட்டைப்பாக்கு, ஒரு குழியில் குங்குமப் பொட்டலம். முதல் வாரம் பாதிக்கு மேல் தப்பு. மூன்றாம் வாரம் நான் கடை வாசலுக்கு நகர்ந்தேன். ஆறாவது வாரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். தினம் காலை 10 மணி முதல் 1 மணி வரை. பைக்கு 1 ரூபாய். சட்டைப் பொத்தானை இப்போது அவனே போட்டுக்கொள்கிறான். நேரமாகிறது, ஆகட்டும்!

போன மாதம் சேதுவுக்கு ஒருநாள் காய்ச்சல், போகவில்லை. பதினொரு மணி சுமாருக்கு வாசலில் கடைக்காரர் நிற்கிறார். "தம்பி ஏனுங்க வரலே? நாளைக்கு முகூர்த்தமுங்க, 200 பை கட்டோணும். தம்பி இல்லாம கை ஓடலீங்க."

38 வருஷத்தில், சேது எங்கே என்று வெளியாள் ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. நான் வாயடைத்து நின்றேன். உள்ளேயிருந்து அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து, நிலைப்படியில் நின்று சொன்னாள்:

"காய்ச்சலுங்க. நாளைக்குக் காத்தால அனுப்பி வெக்கிறேன்."