வெள்ளைக்காரர்களின் வீக் எண்டு ஸ்பாட்... இன்று சாம்பல் படிந்த கழிமுகம்! எண்ணூருக்கு ஒருநாள் பயணம்

"ரெண்டு நாள் லீவு வருது... கடலோரமா எங்கேயாவது ரூம் போட்டுத் தங்கிட்டு வரலாமா?"

சென்னைக் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழுந்தால், அடுத்த நிமிடமே ஈ.சி.ஆர் பக்கம்தான் கை காட்டுவார்கள். கோவளம், மாமல்லபுரம், இன்னும் கொஞ்சம் துணிந்தால் புதுச்சேரி. தென்னை மரங்களுக்கு நடுவே ஊஞ்சல், நீச்சல் குளம், சூடாக மீன் வறுவல், ஏ.சி அறையின் ஜன்னலைத் திறந்தால் கடல்.

'வடக்கே போகலாம், ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்...' என்று யாராவது சொன்னால் வீடே சிரிக்கும். "அங்கே என்ன இருக்கு? கன்டெய்னர் லாரியும் புகையும்தானே!"

ஆனால், சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு மெட்ராஸில் வசதியாக வாழ்ந்த வெள்ளைக்காரர்களிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், அவர்கள் சொல்லியிருக்கும் பெயர்களில் எண்ணூர் கட்டாயம் இருந்திருக்கும். ஆம், மெட்ராஸின் கடலோர ஓய்விடமாக ஒரு காலத்தில் பெயர் பெற்றிருந்தது எண்ணூர்!

காற்று, படகு, மீன்!

காரணம், அந்த இடத்தின் அமைப்பு. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் எண்ணூர். ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் அலையில்லாத உப்பங்கழி, இரண்டுக்கும் நடுவே மணல் திட்டு. மதிய வெயில் ஏறும்போது கடல் காற்று வீசத் தொடங்கிவிடும். அமைதியான நீரில் படகு விடலாம். அன்று பிடித்த மீனும் நண்டும் அன்றைக்கே தட்டுக்கு வந்துவிடும். கோட்டைக்குள் வெந்துகொண்டிருந்த கம்பெனி அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் வேறென்ன வேண்டும்? கழிக்கரையில் பங்களாக்கள் எழுந்தன.

போக்குவரத்துக்கும் குறைவில்லை. 1806-ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டப்பட்டது. முதலில் காக்ரேன் கால்வாய் என்று அழைக்கப்பட்ட அது, பின்னாளில் பழவேற்காட்டைத் தாண்டி ஆந்திரா வரை நீண்டு, பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் சுமந்த படகுகள் போன அதே நீர்வழி அது.

ஓய்வுக்கு வந்தவர்கள் சில நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் படகு தள்ளியவர்களும் மீன் பிடித்துக் கொடுத்தவர்களும் அங்கேயே வாழ்ந்தார்கள். அந்தக் குப்பங்கள் இன்றும் இருக்கின்றன. முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம்... பெயர்களைக் கேட்டாலே நீரும் தாழையும் கண்முன் வரும்.

மெரினாவுக்கு வந்த மணல்

வடசென்னைக் கடற்கரை மாறத் தொடங்கியதற்கு ஒரு தேதி சொல்லலாம் என்றால், அது 1875, டிசம்பர். சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட மாதம்.

நம் கிழக்குக் கடற்கரையில் அலைகள் ஆண்டு முழுக்க மணலைச் சுமந்துகொண்டே இருக்கின்றன. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித்தான் போகிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து கடற்கரை அகலமானது. அதுதான் இன்று நாம் சுண்டல் சாப்பிடும் மெரினா. வடக்குப் பக்கம் வரவேண்டிய மணல் வரவில்லை. ராயபுரம் தொடங்கி திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. இப்போது அந்தப் பக்கம் போனால் மணலுக்குப் பதில் பாறாங்கற்கள் கொட்டிய சுவர்தான் பெரும்பாலும் கண்ணில் படும்.

ஒரே ஊரின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த கடற்கரை, இன்னொரு பக்கம் இழந்தது!

வேலை கொடுத்த ஊர்

அதன் பிறகு தொழிற்சாலைகள் வரிசைகட்டின. 1948-ல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அதுதான் பின்னாளில் அசோக் லேலண்ட். 1956-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு ஆரம்பமானது. தீப்பெட்டி செய்த விம்கோவின் பெயர், இன்று ரயில் நிலையத்தின் பெயராகவும் மெட்ரோ நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது. 1969-ல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம், 90-களில் வடசென்னை அனல் மின் நிலையம், 2001-ல் எண்ணூர் துறைமுகம்.

இதையெல்லாம் வெறும் புகார்ப் பட்டியலாகப் பார்க்க முடியாது. அப்பா லேலண்ட், பிள்ளை என்ஃபீல்டு என்று இந்த ஆலைகளின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீடு கட்டிய குடும்பங்கள் வடசென்னையில் ஏராளம். தமிழ்நாட்டின் வீடுகளில் விளக்கு எரிவதிலும் இந்த ஊருக்குப் பங்கு உண்டு. கோவளத்தில் பெயரிலேயே மீனவரை வைத்திருக்கும் 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' போன்ற விடுதிகளில் ஏ.சி ஓடுவதற்கும் சேர்த்துத்தான்!

கழிக்கு என்ன ஆச்சு?

விலை கொடுத்தது கழிமுகம். அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலைக் குழாய் வழியாகக் கொண்டுசெல்கிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து, சாம்பல் ஆற்றிலும் அலையாத்திக் காடுகளிலும் படிந்தது. படகு விட்ட ஆழம் பல இடங்களில் முழங்கால் அளவானது. மின் நிலையம் வெளியேற்றும் வெந்நீர் இன்னொரு பக்கம் கழியில் கலக்கிறது.

இந்தக் கழியில் கையால் தடவியே இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவி, அகப்பட்டதைப் பறியில் போட்டுக்கொள்வார்கள். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். கையும் கண்ணும் மட்டும் போதும். ஆனால், சேற்றில் சாம்பலும் எண்ணெயும் இருந்தால் அந்தக் கைக்கு என்ன கிடைக்கும்?

2017, ஜனவரி 28-ம் தேதி துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கடலில் கலந்த எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஆற்றில் புகுந்தது. வலைகளும் படகுகளும் கறுப்பாயின. கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் ஒட்டியது. அந்த மாதம் முடிவதற்குள், 26-ம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத்திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.

மீனவருக்கு இதில் இரட்டை அடி. மீன் குறைகிறது என்பது ஒன்று. பிடித்த மீனை, 'எண்ணூர் மீனா?' என்று கேட்டு வாங்காமல் போவது இன்னொன்று.

மக்கள் சும்மா இருக்கவில்லை. குப்பத்து மீனவர்கள் படகில் நின்று போராடினார்கள், நீதிமன்றத்துக்கும் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் போனார்கள். 2017-ல் டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்', இந்தக் கழிமுகத்தின் கதையைக் கர்னாடக இசை மேடைக்கும் யூடியூபுக்கும் கொண்டுபோனது. பழைய எண்ணூர் அனல் மின் நிலையம் அதே ஆண்டு மூடப்பட்டது.

ஒருநாள் போதும்... போய்ப் பாருங்கள்!

இவ்வளவுக்குப் பிறகும் வடசென்னைக் கடலோரம் பார்ப்பதற்குரிய ஊர்தான். ரிசார்ட் கிடையாது, அதனால் ஒருநாள் பயணமாகத் திட்டமிடுங்கள்.

விடியற்காலை, காசிமேடு: மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் களைகட்டும் நேரம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என எல்லாம் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது கூட்டம் குறைவு.

காலை, ராயபுரம் ரயில் நிலையம்: 1856, ஜூலை 1-ம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. தூண்கள் நிற்கும் அந்தப் பழைய கட்டடம் இன்றும் இருக்கிறது.

நடை சாத்துவதற்குள், திருவொற்றியூர்: மெட்ரோவிலேயே போகலாம், 2021-ல் விம்கோ நகர் வரை பாதை நீண்டுவிட்டது. தியாகராஜர், வடிவுடையம்மன் சந்நிதிகள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் இது. மூலவரான ஆதிபுரீஸ்வரரைக் கவசமில்லாமல் பார்க்க வேண்டும் என்றால், கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாள்கள் மட்டுமே வாய்ப்பு. கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி.

மாலை, எண்ணூர்: கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் எண்ணூரில் இறங்கி, ஆட்டோவில் முகத்துவாரத்துக்குப் போகலாம். கடல் காற்று அப்போது இருந்த மாதிரியே இப்போதும் வீசும். குளிர்காலம் என்றால் பறவைகளையும் பார்க்கலாம். மேற்கே கழியின்மேல் சூரியன் இறங்கும்; புகைபோக்கிகளுக்கு நடுவேதான் இறங்கும், அதையும் சேர்த்தே பாருங்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் பொல்லாதது. குளிக்க இறங்க வேண்டாம். துறைமுகத்துக்குள்ளும் மின் நிலையங்களுக்குள்ளும் அனுமதி கிடையாது.

குப்பத்துப் பெண்கள் விற்கும் இறாலையோ நண்டையோ வாங்கினால், பேரம் பேசாமல் வாங்குங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீட்டுக்கு வரும் கரன்ட்டும் வண்டிக்குப் போடும் பெட்ரோலும் எங்கிருந்து வருகின்றன, அதற்காக ஓர் ஆறு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல எண்ணூர்ப் பாலத்தைவிட நல்ல இடம் சென்னையில் இல்லை.