காற்று எதிர்த்தபோது

“சாமி, பேருந்தில் போனால் அரை நாள் பயணம். மிதிவண்டியில் மூன்று நாள் போக வேண்டுமா? இந்த வயதில் இது எதற்கு?”

2022ஆம் ஆண்டு ஆடித் திங்களில், திருச்சிக்கு அருகிலுள்ள எம் பங்கிலிருந்து வேளாங்கண்ணிக்கு மிதிவண்டியில் புறப்பட்டபோது மக்கள் என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்கு வயது ஐம்பத்து நான்கு. சிரித்து மழுப்பிவிட்டுப் புறப்பட்டேன். அதற்குரிய விடை திரும்பி வரும் வழியில்தான் எனக்குக் கிடைத்தது.

முன்னேற்பாடுகளில் குறை வைக்கவில்லை. மருத்துவரிடம் இதயத்தையும் முழங்காலையும் காட்டி அனுமதி பெற்றேன். இரு மாதங்கள் நாள்தோறும் விடியலில் ஓட்டிப் பழகினேன். மிதிவண்டி பழுது பார்ப்பவர் என் வண்டியைக் கண்டதும், “சீட்டு தாழ்வா இருக்கு சாமி, முட்டிவலி இதனாலதான்” என்று இரு விரற்கடை உயர்த்திக் கொடுத்தார். மிதி அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முழங்கால் சிறிதே மடங்கியிருக்க வேண்டுமாம். அந்தச் சிறு திருத்தத்தால் பாதி வலி நீங்கியது.

முதல் நாள் கல்லணை வழியாகத் தஞ்சை சேர்ந்தேன். ஏறத்தாழ 70 கிலோமீட்டர். வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் மேட்டூர் அணை, அவ்வாண்டு மே 24ஆம் நாளே திறக்கப்பட்டிருந்தது. ஆதலால் காவிரி கரை கொள்ளாமல் ஓடிற்று. கரிகாலன் கட்டிய கல்லணையில் நின்று, ஒரே ஆறு காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து செல்லும் காட்சியைக் கண்டேன். பேருந்தில் பன்முறை கடந்த இடமே. எனினும் நீரின் இரைச்சலையும் ஈர மண்ணின் மணத்தையும் அன்றுதான் அறிந்தேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து சற்றே விலகிப் பூண்டி மாதா பேராலயத்தில் செபித்துவிட்டுத் திருவையாறு வழியே சென்றேன்.

மறுநாள் அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி வழியாகத் திருவாரூர். நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தை மூணாறு தலைப்பு என்பார்கள். வழிநெடுகக் குறுவை வயல்கள் பச்சை விரித்திருந்தன. மூன்றாம் நாள் முற்பகலிலேயே நாகப்பட்டினத்தைக் கடந்து வேளாங்கண்ணி சேர்ந்தேன். 1962இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானால் பேராலயமாக உயர்த்தப்பட்ட அத்திருத்தலத்தில் முழந்தாளிட்டபோது நன்றியோடு ஒரு பெருமையும் நெஞ்சில் எழுந்தது. “வயதை வென்றுவிட்டேன்” என்று எண்ணினேன்.

அன்பர்களே, என்னை அங்குக் கொண்டு சேர்த்தது என் கால் மட்டுமன்று. ஆடி மாதத்து மேல்காற்று மூன்று நாளும் என் முதுகைத் தள்ளிக்கொண்டே வந்தது. துணை நிற்கும் காற்றை எவரும் உணர்வதில்லை. திரும்பி மேற்கு நோக்கியபோதுதான் அது தன் முகத்தைக் காட்டிற்று.

முதல் நாள் திருவாரூர் சேர்வதற்குள்ளேயே களைத்தேன். மறுநாள் கொரடாச்சேரிக்கு அப்பால், காலை பத்து மணிக்குமேல், காற்று சுவர்போல் எதிரே நின்றது. சமதரையிலும் மலையேறுவது போன்ற நிலை. முழங்கால் குத்தலெடுத்தது. இறங்கித் தள்ளத் தொடங்கினேன். தஞ்சை நோக்கிச் சென்ற காலிச் சரக்கு வண்டி ஒன்று அருகில் நின்றது. “ஏறுங்க சாமி, தஞ்சாவூர்ல இறக்கிவிடுறேன்” என்றார் ஓட்டுநர். “வேண்டாம் தம்பி, மெதுவாக வந்துவிடுவேன்” என்று மறுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து ஒரு தேநீர்க் கடைமுன் அதே வண்டி நின்றது. என் முகத்தைப் பார்த்த ஓட்டுநர், “இந்தக் காத்துல எங்க ஊர் இளவட்டமே எறங்கித் தள்ளிக்கிட்டுத்தான் போகுது சாமி. உங்களுக்கு என்ன வெட்கம்?” என்றார்.

வெட்கம்! அந்தச் சொல் உள்ளே தைத்தது. கைத்தடி பிடிக்க நாணும் முதியவரிடமும், மகனின் தோளைப் பற்ற மறுக்கும் தாயிடமும், “பிறர் உதவியை ஏற்றுக்கொள்ளுங்கள்” என்று எத்தனை முறை அறிவுரை கூறியிருக்கிறேன்! அந்த அறிவுரை எனக்கு இல்லையா? மிதிவண்டியை அவர் கையில் கொடுத்தேன். தஞ்சை வரை அவர் தம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அந்த ஆறு நாட்களில் நான் ஒரு மனிதரோடு மனம்விட்டுப் பேசியது அந்த ஒரு மணி நேரந்தான்.

‘வெலோசியோ’ என்னும் புனைபெயர் கொண்ட பால் தெ விவி (1853–1930) என்ற பிரெஞ்சுக்காரர், மிதிவண்டிப் பயணத்துக்குச் சில விதிகள் வகுத்தார். பசிக்குமுன் உண்ணவும் தாகத்துக்குமுன் பருகவும் சொன்ன அவர், வீம்புக்காக ஒருபோதும் மிதிக்கலாகாது என்றும் எச்சரித்தார். முதுமையில் தாக உணர்வு மங்குவதால் தண்ணீர் பற்றிய விதி நம் போன்றோர்க்கு இன்றியமையாதது. வீம்பைப் பற்றியது அதனினும் இன்றியமையாதது.

இன்றும் ஓட்டுகிறேன். விடியுமுன் புறப்பட்டுக் காற்று வலுக்குமுன் நிறுத்திவிடுகிறேன். முடியாதபோது இறங்கித் தள்ளுகிறேன். யாரேனும் கை கொடுத்தால் பற்றிக்கொள்கிறேன். “இந்த வயதில் இது எதற்கு?” என்று கேட்போர்க்கு, “இதைக் கற்கத்தான்” என்பதே என் விடை.