போடி முதல் டாப் ஸ்டேஷன் வரை: ஒரு மலைவழியும் அதில் பிழைப்போரும்

போடிநாயக்கனூர் ரயில் நிலையத்தில் தொடங்கி, முந்தல், குரங்கணி, சென்ட்ரல் ஸ்டேஷன் ஆகிய இடங்களைக் கடந்து, கேரள எல்லையில் ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் டாப் ஸ்டேஷனில் முடியும் வழி, வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும், அதில் செல்பவர் ரயிலில் இறங்கிப் பேருந்திலோ ஜீப்பிலோ ஏறி, பிறகு அதையும் விட்டு நடந்தே தீர வேண்டியிருக்கிறது. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைமீது ஏறும் வழிகள் பலவற்றுள் இது ஒன்றுதான் என்றாலும், பயணிக்கும் அவருக்குப் பணி செய்வோருக்கும் இடையிலான உறவு உயரத்தோடு சேர்ந்து மாறுவதை இவ்வளவு குறுகிய தொலைவில் காட்டும் வழி வேறொன்று அருகில் இல்லை. பயணச்சீட்டு, கால அட்டவணை, அரசு நிர்ணயித்த கட்டணம் என எழுத்தில் இருப்பவையெல்லாம் ஏற ஏற ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் முன்பின் அறியாத ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பியே காலடி எடுத்துவைக்கும் நிலை பயணிக்கு வந்துசேர்கிறது.

கீழ்முனையான போடி ரயில் நிலையம் பலமுறை பிறந்தது. மதுரையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர்கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மீண்டும் போடப்பட்டன. அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010-ஆம் ஆண்டின் முடிவில் நிறுத்தப்பட்ட ரயில், 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் திரும்பி வந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ரயிலடியை நம்பியிருந்த சுமைதூக்குவோரும் தேநீர் விற்போரும் வேறு தொழில் தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்று சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வரும் விரைவு ரயிலில் இறங்கும் பயணி, இரவு முழுதும் தன் பெட்டியில் பணியாற்றிய பரிசோதகரின் முகத்தைக்கூட நினைவில் வைத்திருக்கமாட்டார். வைத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் அவர்களுக்கிடையே பேச வேண்டியதையெல்லாம் சீட்டே பேசிவிடுகிறது.

போடி நகரம் ஏலக்காயால் வாழ்வது. மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம் நடத்தும் ஏலக்காய் மின்னணு ஏலத்துக்குப் போடியும் கேரளத்தின் புற்றடியும் மையங்கள். மலையில் விளையும் காய் இங்குள்ள கிடங்குகளில் சல்லடையால் பருமன் வாரியாகப் பிரிக்கப்பட்டு, பெண்களின் கைகளால் நிறமும் வெடிப்பும் பார்த்துத் தரம் பிரிக்கப்படுகிறது. ஊருக்குப் புதியவர் அதிகாலையில் இங்கு முதலில் காண்பது, தலையில் துண்டு கட்டி, கையில் தூக்குவாளியுடன் தெருமுனைகளில் நிற்கும் பெண்களையும் அவர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு நோக்கி விரையும் தோட்ட ஜீப்புகளையும்தான். இடுக்கி மாவட்டத் தோட்டங்களில் செடியின் அடியில் தரையோடு படர்ந்திருக்கும் சரங்களிலிருந்து, குனிந்தோ குந்தியோ காய் பறிக்கும் வேலைக்கு நாள்தோறும் மாநில எல்லையைக் கடந்து போய்த் திரும்பும் இவர்களும் பயணிகளே என்பதைச் சுற்றுலா எழுத்து பெரும்பாலும் மறந்துவிடுகிறது. ஒரே மலைக்குப் போகும் இருவரில் ஒருவர் காட்சிக்காகப் போகிறார், மற்றவர் கூலிக்காகப் போகிறார். ஆனால் அந்த மலையின் மழையையும் வழுக்கலையும் யானைத்தடத்தையும் பற்றிக் கேட்டால் விடை சொல்லக்கூடியவர் இரண்டாமவரே.

போடியிலிருந்து குரங்கணி ஏறத்தாழ 16 கிலோமீட்டர். அங்குச் செல்லும் அரசுப் பேருந்தின் நடைகள் குறைவு; அதனால் அந்தப் பேருந்து வெறும் வாகனமாக இல்லாமல், மலையடிவார ஊர்களின் கடிகாரமாகவும் அஞ்சல்காரராகவும் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு 1983-இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்து, 'உணர்ச்சி உழைப்பு' என்னும் கருத்தை முன்வைத்தார். சம்பளத்துக்காகத் தன் உணர்ச்சியையே நிறுவனம் விரும்பும் வடிவில் வெளிக்காட்டும் வேலை என்பது அதன் பொருள். மலைப்பாதைப் பேருந்தின் நடத்துநரிடம் அத்தகைய புன்னகையை எவரும் எதிர்பார்ப்பதில்லை, அவரும் தருவதில்லை. சில்லறை இல்லாதவரைக் கடிந்துகொள்ளும் அவரே, மருந்துப் பொட்டலம் ஒன்றை வாங்கி ஓட்டுநரின் பக்கத்தில் வைத்து, சொன்ன நிறுத்தத்தில் கைமாற்றிவிடுவார். கைப்பிடியைப் பற்றித் தடுமாறி ஏறும் மூதாட்டி உட்காரும்வரை விசிலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். விமானத்தின் இன்முகத்துக்கு விலை டிக்கெட்டில் சேர்ந்துள்ளது. நடத்துநரின் பொறுமைக்கு எந்தச் சீட்டிலும் வரி இல்லை. நகரப் பயணிகளில் பலர் அந்தக் கடுகடுப்பை மட்டுமே கண்டு ஊரைப் பற்றி முடிவுகட்டிவிடுவது, அவசரத்தில் செய்யும் கணக்கு.

முந்தலில் சாலை பிரிகிறது. ஒரு கிளை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு வழியாக மூணாறு செல்லும் தேசிய நெடுஞ்சாலை. மற்றது மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து குரங்கணிக்குச் செல்லும் குறுகிய சாலை. இரண்டாவதன் பக்கமாக இறங்கிவரும் கொட்டக்குடி ஆற்றின் பெயரிலேயே குரங்கணியை உள்ளடக்கிய ஊராட்சியும் அமைந்திருக்கிறது. இன்று முட்டுச்சந்துபோல் முடியும் இந்தச் சாலை, ஒரு நூற்றாண்டுக்கு முன் உலக வணிகத்தின் கால்வாய்களில் ஒன்றாக இருந்தது என்பதை அங்குள்ள அமைதியைக் கொண்டு ஊகிக்க முடியாது.

1897-இல் தொடங்கப்பட்ட கண்ணன் தேவன் மலைகள் விளைபொருள் நிறுவனம், மூணாற்றுத் தேயிலையைத் துறைமுகம் சேர்ப்பதற்குக் கிழக்கே தமிழ்ச் சமவெளியை நோக்கிய வழியையே தேர்ந்தது. 1902-இல் மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக, ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிப்பாதை ஒன்று அமைக்கப்பட்டு, 1908-இல் இரண்டடி அகலமுள்ள குறும்பாதை ரயிலாக மாற்றப்பட்டது. ரயில் முடிந்த மலைவிளிம்பே டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளக் கம்பிவடத்தில், அதாவது கோபுரங்களுக்கிடையே கட்டப்பட்ட இரும்பு வடத்தில் தொங்கியபடி, தேயிலைப் பெட்டிகள் கொட்டக்குடியில் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கின. பின் மாட்டுவண்டியில் போடிக்குச் சென்று, அங்கிருந்து துறைமுகம் சேர்ந்து, கப்பலேறி இங்கிலாந்தை அடைந்தன. தேயிலை வானில் மிதந்து இறங்கிய அதே சரிவில்தான், கங்காணிகள், அதாவது ஆள்சேர்த்துத் தரும் மேற்பார்வையாளர்கள், சமவெளியிலிருந்து திரட்டிய கூலிக் குடும்பங்கள் அரிசியையும் பானையையும் தலையில் சுமந்து மேலே ஏறின. பெட்டிக்கு வடம் கிடைத்தது, ஆளுக்குக் கிடைக்கவில்லை. 1924 ஜூலையின் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை மீட்க முடியாதபடி அழித்துவிட்டது. கம்பிவடத்தின் இடைநிலையம் இருந்ததன் நினைவாக சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஒரு சிற்றூருக்கு நிலைத்துவிட்டது. ரயிலே பார்த்திராத ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர் இருப்பதைக் கேட்டு முதன்முறை வருபவர் சிரிப்பது வழக்கம்.

குரங்கணியில் பேருந்து திரும்பிவிடுகிறது. பிரபு சாலமன் இயக்கி 2010-இல் வந்த 'மைனா' இப்பகுதியில் படமாக்கப்பட்டதற்குப் பின், தேநீர்க் கடையில் அமர்ந்து மலையைப் பார்ப்பதற்கென்றே வருவோர் பெருகினர். இங்கு ஒரு கடைக்காரர் ஒரே நாளில் உணவகம், விசாரணை அலுவலகம், பொருள் காப்பறை, வானிலை நிலையம் ஆகிய நான்கின் வேலையையும் பார்க்கிறார். இவற்றில் அவருக்குக் காசு கிடைப்பது முதல் வேலைக்கு மட்டும். "மேக மழை இறங்குது, இப்பப் போகாதீங்கண்ணே" என்பதுபோன்ற சொல்லுக்கு ரசீது கிடையாது. அதைக் கேட்பதா தள்ளுவதா என்பதைப் பயணியே முடிவுசெய்ய வேண்டும். ஜீப் வாடகையும் எழுதி ஒட்டியதல்ல, பேசி முடிப்பது. பேரம் பேசுவதை வெளியூரார் சிலர் ஏமாற்று என்று எண்ணுகின்றனர். ஆனால் இறங்கும்போது ஆள் கிடைக்குமா, வண்டி வெறுமனே திரும்புமா, பாதை எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றையெல்லாம் அந்தச் சில நிமிடப் பேச்சில்தான் ஓட்டுநர் எடைபோடுகிறார்.

இந்தச் சொற்களின் எடையை நாடு முழுவதும் அறிந்துகொண்டது 2018 மார்ச் 11 அன்று. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வந்த இரு குழுக்களைச் சேர்ந்த, முப்பதுக்கும் மேற்பட்ட மலையேறிகள், பெரும்பாலும் பெண்கள், முந்தைய நாள் கொழுக்குமலைக்கு ஏறி, மறுநாள் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, காய்ந்த புல் மண்டிய சரிவில் பரவிய காட்டுத்தீயில் சிக்கினர். அவர்களுக்குத் தரப்பட்ட அனுமதி டாப் ஸ்டேஷன் வழிக்கு மட்டுமே உரியது, கொழுக்குமலை வழிக்கு அன்று என வனத்துறை அப்போது தெரிவித்தது. புல்வெளிச் சரிவில் தீ, காற்றோடு சேர்ந்து, மனிதர் ஓடும் வேகத்தைவிட விரைவாக மேல்நோக்கி ஏறும். எரிந்து முடிந்த கருநிலத்துக்குள் போய்விடுவதா, பாறைமேல் நிற்பதா, ஓடைப் பள்ளத்தில் இறங்குவதா என்பதை நொடியில் முடிவுசெய்ய, அந்த நிலத்தைக் காலால் அறிந்தவர் அருகில் இருக்க வேண்டும். 9 பேர் மலையிலேயே மாண்டனர். தீக்காயங்களோடு மருத்துவமனைகளில் இருந்தவர்கள் அடுத்தடுத்து இறந்ததால், பலி 23 ஆயிற்று.

விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன் மேலே ஏறியவர்கள் குரங்கணியைச் சுற்றிய ஊர்மக்களும் பழங்குடியினருமே ஆவர். தண்ணீர்க் குடங்களோடு புகைக்குள் போய், போர்வையிலும் கம்பிலும் கட்டிய டோலியில், அதாவது இருவர் தோள்கொடுத்துச் சுமக்கும் தூளியில், காயம்பட்டோரை இறக்கிக் கொண்டுவந்தனர். சாலை இல்லாத மலைக் குடியிருப்புகளில் நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் மருத்துவமனை சேர்ப்பதற்கு அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே முறை அன்று அந்நியருக்கும் பயன்பட்டது. மீட்பில் ஈடுபட்ட அந்தக் கைகளைப் பற்றிச் செய்திகள் எழுதியது சில நாள். டோலிக்குப் பதிலாக ஆம்புலன்ஸ் ஏறும் சாலை வேண்டும் என்று அவர்கள் கேட்டுவருவதோ பல்லாண்டு.

அதன்பின் அரசு 2018-இலேயே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்து, பாதைகளைக் கடினத்தின் அடிப்படையில் வகைப்படுத்தி, முன் அனுமதியையும் வழிகாட்டியையும் கட்டாயமாக்கியது. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளுள் குரங்கணி–சாம்பலாறு பாதையும் ஒன்று; இணையத்தில் பதிவுசெய்பவரோடு, பயிற்சிபெற்ற உள்ளூர் இளைஞரோ பழங்குடி இளைஞரோ வழிகாட்டியாகச் செல்கிறார். வாய்ச்சொல்லாக மட்டும் இருந்த அறிவுக்கு முதன்முறையாகச் சீருடையும் ஊதியமும் கிடைத்தது வரவேற்கத்தக்கதே. இருப்பினும், இணையத்தில் பணம் கட்டிவிட்டு வரும் பயணி, வழிகாட்டியைத் தான் வாங்கிய பொருளாகக் கருதத் தொடங்கும் ஆபத்தும் உடன் வந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் மேலே போகலாமே" என்ற வற்புறுத்தலுக்கு முன்னால், தன் மதிப்பெண்ணை அந்தப் பயணியிடமே பெற வேண்டிய இளைஞர் எவ்வளவு உறுதியாக மறுக்க முடியும் என்பது விதிகளில் எழுதப்படாத கேள்வி.

இம்மலைகளின் தொல்குடிகளான முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்கின்றனர். குரங்கணிக்கு அருகிலுள்ள முதுவாக்குடி அவர்களுடைய குடியிருப்பு. குரங்கணிக்கு மேல் சென்ட்ரல் ஸ்டேஷன் நோக்கிய ஒற்றையடிப் பாதையில் காப்பி, மிளகு, ஏலத் தோட்டங்களுக்கிடையே எதிர்ப்படுவது பெரும்பாலும் பொதிக் குதிரைகள்: முதுகின் இருபுறமும் சமமாகத் தொங்கும் சாக்குகள், கழுத்துமணி, பின்னால் வாயாலேயே வழிநடத்திவரும் ஆள். மணியோசை கேட்டதும் நடப்பவர் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் நிற்கக்கூடாது. பொதி இடித்தால் விழுவது ஆள். லெனின் பாரதி இயக்கி 2018-இல் வெளிவந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தின் நாயகன் இத்தகைய சரிவுகளில் ஏலமூட்டை சுமப்பவன். தேனி மலைகளின் சுமைகூலி வாழ்வு திரையில் இவ்வளவு நெருக்கமாக அதற்கு முன் வந்ததில்லை. தேர்தல் வரும்போது இம்மாவட்டத்தின் சாலையற்ற ஊர்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களும் குதிரை முதுகில்தான் போகின்றன.

டாப் ஸ்டேஷனில் வழி முடிகிறது, விந்தை தொடர்கிறது. காட்சிமுனை இருக்கும் நிலம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு வரும் தார்ச்சாலையும் பேருந்தும் கேரளத்திலிருந்து வருகின்றன. மூணாற்றிலிருந்து 32 கிலோமீட்டர் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணி, கடைகளில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் வியாபாரிகளிடம் கேரட்டும் சோளக்கதிரும் வாங்கிக்கொண்டு, கீழே தெரியும் குரங்கணிப் பள்ளத்தாக்கைப் படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்; நடந்து ஏறி வந்தவர் சாலைவழியே போடிக்குத் திரும்ப வேண்டுமானால் மூணாறும் போடிமெட்டும் சுற்றி ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.

ஆகவே இவ்வழியில் செல்ல விரும்புவோர் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரையிலான தீக்காலத்தைத் தவிர்த்து, அனுமதி பெற்ற பாதையில் மட்டும், வழிகாட்டியோடு செல்லட்டும்; பேசிய கூலியில் இறங்கும்போது குறைக்க வேண்டாம்; வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்ன இடத்தில், காரணம் கேட்காமல் திரும்பிவிடட்டும்.