நிழல் தெற்கே விழும் நாள்

வடதேசத்தாருக்கு ஜூன் மாதம் 21ஆந் திகதியை ஒட்டிய நாள்கள் பெருங் கொண்டாட்டத்திற்குரியவை. ஆறு மாதம் குளிரிலும் இருளிலும் ஒடுங்கிக் கிடந்தவர்கள், பகல் தன் எல்லையைத் தொடும் அந்நாளை எளிதில் விட்டுவிட மாட்டார்கள். இலண்டன் மாநகரில் அன்றைய பகல் பதினாறரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்டது. சுவீடன் நாட்டார் இலையும் பூவும் சுற்றிய நெடுங் கம்பத்தை நாட்டி, அதனைச் சூழ்ந்து ஆடுவர். 1953 தொடக்கம் ஜூன் 19க்கும் 25க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையை அதற்கென ஒதுக்கியிருக்கின்றனர். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழம்பெருங் கற்களிடையே சூரியோதயத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் இராமுழுதும் விழித்திருப்பர். கிறிஸ்து சமயம் பரவுமுன் இருந்த வழக்கங்களின் சாயல் இவற்றில் உண்டென்பர். திருச்சபையும் ஜூன் 24ஐ யோவான் ஸ்நானகனின் பிறந்த திருநாளாகக் கொண்டாடி, மக்கள் மூட்டிய நெருப்பை மக்களிடமே விட்டுவைத்தது.

கல்முனைக்கும் இந்நாளுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் வினவலாம். பெரிதாக ஒன்றுமில்லையென்றே சொல்ல வேண்டும். எமது ஊரில் அன்றைய பகல் 12 மணித்தியாலமும் 33 நிமிடமும். டிசெம்பர் மாதத்து மிகக் குறுகிய பகலோ 11 மணித்தியாலமும் 41 நிமிடமும். வேறுபாடு 52 நிமிடம். ஒரு பிளேன்ரீயைக் குடித்து, ஊர்க்கதை பேசி எழும்புவதற்குள் கழிந்துபோகும் நேரம். அன்றியும், ஜூன் மாதத்தில் வெயிலை வரவேற்க எம்மவருள் யாருக்கு மனம் வரும்? கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலை வாரிக்கொண்டு வீசும். சிறுபோக வயலுக்கு வாய்க்கால் நீர் முறைவைத்து வரும். கடல் மாத்திரம் அமைதியாய்க் கிடக்க, கரைவலைக்காரர் முகத்தில் சிறிது மலர்ச்சி தோன்றும். காட்டோரத்திலிருந்து பாலைப்பழம் சந்தைக்கு வரும் காலமும் அதுவே.

அவ்வாறிருந்தும் எமது இல்லத்தில் பல ஆண்டுகளாக அந்நாளை நண்பர்களோடு கொண்டாடி வருகிறோம். கொண்டாட்டம் என்ற சொல் சற்றுப் பெரிது. முற்றத்து மணலில் ஒரு மீற்றர் நீளமான கோலொன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டு, நண்பகலில் அதன் நிழலை அளந்து, ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறோம். பின்னர் உண்கிறோம். வேலை நாளாயின் அளப்பவர் இருவர். இரவில் உண்பவர் இருபதின்மர்.

இதனைத் தொடக்கி வைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, பாண்டிருப்பில் பெண்ணெடுத்து, அங்கேயே தங்கிவிட்ட பூமிசாஸ்திர ஆசிரியர் ஒருவர். ஊரார் அனைவருக்கும் அவர் மாஸ்டர். எமது மூத்த மகள் சிறுமியாயிருந்த காலத்தில், "நண்பகலில் உன் நிழல் எந்தப் பக்கம் விழும், மகள்?" என்று அவர் கேட்க, அவள் "காலுக்குக் கீழே" என்றாள். அந்த விடை ஏப்பிரல் 8, 9 அளவிலும் செப்டெம்பர் 3, 4 அளவிலும் மாத்திரமே சரி. அந்நாள்களில் சூரியன் எமது உச்சந்தலைக்கு நேரே நிற்பதால் நட்ட கோலுக்கு நிழலே இராது. டிசெம்பரில் ஒரு மீற்றர்க் கோலின் நிழல் வடக்கே 60 சென்ரிமீற்றர் நீளும். ஜூன் 21இல் சூரியன் எமக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 29 சென்ரிமீற்றர் விழும். வடதேசத்தார்க்கு நண்பகல் நிழல் ஒருநாளும் தெற்கே விழாது. அயன ரேகைகளுக்கு இடையே வாழும் எம்போன்றோர்க்கு அக்காட்சி வாய்க்கிறது. தம் நீண்ட பகலை அவர்கள் மெச்சட்டும்; இது எமது பங்கு.

எமது சாச்சா மார்க்கக் கல்வி கற்றவர். முதலாண்டு விடயத்தைக் கேள்வியுற்றதும் நேரே வீட்டுக்கு வந்து, "மகன், இது நெருப்பையும் சூரியனையும் வணங்கியோரின் பெருநாள் அல்லவா? இந்த வீட்டில் எதற்கு?" என்றார். வினா நியாயமானதே. சூரியனுக்குத் தலை சாய்த்தலாகாதென்பது எமது மார்க்கத்தின் அடிப்படை. நாம் அவரைக் கோலினருகே அழைத்துச் சென்றோம். நிழல் குறுகிக் குறுகி, நின்று, மீண்டும் நீளத் தொடங்கும் கணத்திலன்றோ லுஹர் நேரம் பிறக்கிறது? கோலின் நீளத்தோடு நண்பகல் நிழலையும் கூட்டிய அளவுக்கு நிழல் வளரும்போதன்றோ எம்போன்ற ஷாபி மத்ஹபினர்க்கு அஸர் நேரம் தொடங்குகிறது? கடிகாரமும் பள்ளிவாசல் நேரசூசியும் வந்தபின் அக்கணக்கை நாம் சுவரில் தொங்கவிட்டு மறந்துபோனோம். சாச்சா குனிந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். 12 மணி 4 நிமிடமளவில் அது நின்றது. அவர் சட்டைப்பையிலிருந்த நேரசூசியை எடுத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறு ஆண்டு அழையாமலே வந்தார். "பெருநாள்" என்ற சொல்லை மாத்திரம் இந்நாளுக்கு வழங்கக் கூடாதென்பது அவர் விதித்த நிபந்தனை. அதை இன்றளவும் காத்து வருகிறோம்.

இந்த அளவை முஸ்லிம் அறிஞர்க்குப் புதியதுமன்று. 994ஆம் ஆண்டில், இன்றைய தெஹ்ரானுக்கு அருகேயுள்ள றேய் நகரில், அல்குஜந்தி என்பார் ஏறத்தாழ 20 மீற்றர் ஆரையுள்ள பெரியதொரு வில்லைக் கட்டிடத்தினுள் அமைத்து, கூரைத் துளையின் வழியே விழும் ஒளியைக் கொண்டு, கோடையிலும் மாரியிலும் சூரியன் திரும்பும் நிலைகளை அளந்தார். சூரிய பாதையின் சாய்வு 23 பாகை 32 கலை 19 விகலை என்பது அவர் கண்ட முடிவு. எமது கோலுக்கும் அவருடைய வில்லுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆயினும் இரண்டும் நாடியது ஒரே பொருளை.

எமது தொழுகை சூரியனோடு செல்ல, மாதமோ சந்திரனோடு செல்கிறது. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டிலும் ஏறத்தாழ 11 நாள் குறைந்ததாகையால், நோன்பும் பெருநாளும் பருவம் விட்டுப் பருவம் நகர்ந்து, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கும். 2015 தொடக்கம் 2017 வரை இந்த நீண்ட பகல் ரமழான் மாதத்தினுள்ளேயே வந்தது. அப்பொழுது எமக்கு நோன்பு பதினான்கு மணித்தியாலத்துக்குள் அடங்கியது. இலண்டனில் வாழும் எமது உறவினரோ பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் நோற்றனர். அவ்வாண்டுகளில் நிழலை அளந்துவிட்டு உணவை இப்தாருக்குத் தள்ளிவைத்தோம். மாஸ்டரும் பகல் முழுதும் எம் வீட்டில் நீர் அருந்தவில்லை. எவரும் அவரைக் கேட்டதுமில்லை. இனி அவ்வாறு நேர்வது 2048 அளவிலேயாம். கொப்பியை அப்பொழுது யார் கையில் எடுப்பாரோ!

தமிழ் நண்பர்களுடைய திருநாள்களோ சூரியனை விட்டு அகலா. தைப்பொங்கல் தை முதல் நாளிலேயே நிற்கும். எமது பெருநாள் அதனைக் கடந்து ஓடிக்கொண்டேயிருக்கும். ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒரே பஸ்ஸில் நெருக்குண்டு போகும் இரு சாராருக்கு, ஆண்டில் ஒருநாளேனும் இருவர்க்கும் பொதுவாகவும் ஒருவர்க்கும் சொந்தமாகாமலும் இருப்பது எத்துணை வசதி! நிழலுக்கு வாக்குரிமையுமில்லை, எல்லைக் கல்லுமில்லை.

2019ஆம் ஆண்டை இங்கு சொல்லாமல் விடுவதற்கில்லை. ஏப்பிரல் 21இல் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 26ஆந் திகதி இரவு எமது அயலூராகிய சாய்ந்தமருதிலும் வெடித்தது. அதன்பின் எமது வீடுகளில் நிகழ்ந்த சோதனைகளும், தெருவில் எம்மை நோக்கிய பார்வைகளும் எளிதில் மறக்கக் கூடியவையல்ல. ஜூன் மாதம் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துமாறு கோரி உண்ணாவிரதம் தொடங்கியது. அதனை எதிர்த்துச் சத்தியாக்கிரகமும் எழுந்தது. ஊர் இரண்டுபட்டு நின்ற அந்த வாரத்தில் ஜூன் 21 வந்தது. வெள்ளிக்கிழமை. நாம் எவரையும் அழைக்கவில்லை. அழைத்தால் வருவதா, தவிர்ப்பதா என்ற சங்கடத்தை நண்பர்மேல் சுமத்துவானேன் என்றிருந்தோம். பதினொன்றரை மணியளவில் படலையில் சைக்கிள் மணி கேட்டது. மாஸ்டர் தனியே நின்றார். வழமையாக வரும் பெரிய தெருவால் வரவில்லை. கடற்கரையோரமாகச் சுற்றி வந்திருந்தார் என்பது சைக்கிள் சில்லில் ஒட்டிய மணலால் தெரிந்தது. "கோல் நட்டாச்சுதோ, தம்பி?" என்றார்.

நடவில்லை. இருவருமாகச் சேர்ந்து அவசரமாக நட்டோம். சாச்சா ஜும்ஆவுக்குப் புறப்பட்டவர், அத்தர் பூசிய சட்டையோடு வந்து தூக்குக்குண்டைப் பிடித்தார். அரசியலைப்பற்றி மூவரும் ஒரு சொல்லேனும் பேசவில்லை. 29 சென்ரிமீற்றர். சாச்சா அதைப் பார்த்த கையோடு பள்ளிக்கு விரைந்தார். மாஸ்டர் ஒரு கோப்பை பிளேன்ரீ குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினார். கொப்பியில் அவ்வாண்டுக் கணக்கு அவர் கையெழுத்தில் இருக்கிறது. மற்ற ஆண்டுகளின் பக்கத்தில் காணப்படும் சாப்பாட்டு விபரம் அந்தப் பக்கத்தில் இல்லை.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமே! எமது மனையிலிருந்து நெய்ச்சோறு, மைத்துனர் வீட்டிலிருந்து சட்டியோடு எருமைத்தயிர், இளநீர், கிடைத்தால் பாலைப்பழம். பாலைப்பழத்தின் பாலால் உதடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் கேலி செய்வர். நெருப்பு மூட்டுவதில்லை. கச்சான் வீசும் நாளில் கிடுகு வேலிக்கருகே நெருப்பு மூட்டுவோர்க்கு மார்க்கத்தைவிட அயலாரே முதலில் விடையளிப்பர்.

மாஸ்டர் வீட்டு விருந்து இருபத்தைந்து நாள் கழித்து வரும். ஆடி முதல் நாள், ஜூலை 16 அல்லது 17. யாழ்ப்பாணத்தார் அதனை ஆடிப்பிறப்பென்பர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் ஈழமெங்கும் பிள்ளைகள் அறிந்த நாள் அது. தட்சிணாயனம், அதாவது சூரியனின் தென்திசைப் பயணம், அன்று தொடங்குவதாகப் பஞ்சாங்கம் கூறும். மெய்யாகவே சூரியன் திரும்பும் நாளும் ஆடிப்பிறப்பும் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்தவை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் எழுபத்திரண்டு ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் பிரிந்துபோயின. ஆகவே வடதேசத்தாரின் ஜூன் விழாவுக்குத் தமிழரிடையே உள்ள உடன்பிறப்பு இந்த ஆடிப்பிறப்பே. சற்றுப் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், வறுத்த பயறு சேர்த்துக் காய்ச்சிய கூழைப் பலாவிலையைக் கோலிக் குடிக்க வேண்டும். "சூரியன் போய் இருபத்தைந்து நாளாச்சு, மாஸ்டர்!" என்று எமது இளைய மகள் சொன்னாள். "கூழுக்கு அவசரமில்லை, பிள்ளை" என்றார் அவர்.

சாச்சா இரண்டாவது பலாவிலையைக் கோலிக்கொண்டிருந்தார். முற்றத்தில் மாஸ்டரும் ஒரு கோல் நட்டிருந்தார். நண்பகலில் பிள்ளைகள் அளந்தனர்: ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். நான்கு குறைந்திருந்தது.