சுவருக்குள் தட்டும் தண்ணீர்

கல்லாறு தொடங்கிக் கல்முனை வரையிலான கரையோர வீடுகளில், ஒரு தலைமுறைக்கு முன்பு சுவருக்குள் தண்ணீர் ஓடியதில்லை. தண்ணீர் கிணற்றில் இருந்தது. கப்பியின் கிறீச்சொலியும் வாளி நீரில் விழும் ஓசையும்தான் தண்ணீரின் மொழியாக இருந்தன. பக்கத்து மருதமுனையில் தறிச் சத்தத்தைக் கேட்டே அங்கு வேலை நடக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பழகிய ஓசைக்கு எவரும் அஞ்சுவதில்லை. சுவருக்குள்ளிருந்து வரும் ஓசை நமக்கு இன்னும் பழகவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிய ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 இற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கரையோரக் கிணறுகள் உப்பாயின. பவுசர்களில் வந்த நீருக்காக மக்கள் வரிசையில் நின்றார்கள். பின்னர் எழுந்த வீடுகளில் கிணற்றின் இடத்தைக் குழாய் பிடித்துக்கொண்டது. கூரைக்கு மேலே தாங்கி, சுவருக்குள்ளே பைப் என்பது வழமையாயிற்று.

அம்பாறை மாவட்டத்தின் வட எல்லையிலுள்ள பெரியநீலாவணையில் என் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீடும் அவ்வாறு எழுந்ததுதான். சில ஆண்டுகளின் பின், அவ்வீட்டின் படுக்கையறைச் சுவர் இரவில் தட்டத் தொடங்கியது. இரண்டு மூன்று தட்டல், சிறிது ஓய்வு, மீண்டும் தட்டல். நண்பரின் உம்மா ஆழிப்பேரலையில் தம் தங்கையைப் பறிகொடுத்தவர். தட்டல் கேட்டதும் எழுந்து, உறங்கும் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். "பைப்தான் உம்மா" என்று மகன் எத்தனை முறை சொல்லியும் பயனில்லை. அன்றும் முதலில் சத்தம்தான் வந்தது என்பார் அவர். அதற்கு யாரிடமும் மறுமொழி இருக்கவில்லை.

அழைத்து வந்த மேசன், சுவரை மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பார்க்கவேண்டும் என்றார். கடன் பட்டுக் கட்டிய வீடு. நண்பர் என்னிடம் யோசனை கேட்டார். எனக்குக் குழாய் வேலை தெரியாது. செய்தியாளனுக்குத் தெரிந்ததெல்லாம் என்ன, எங்கே, எப்போது என்று கேட்பது மட்டுமே. மூன்று இரவுகள் ஒரு கொப்பியில் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். பகலில் ஒரு தட்டலும் இல்லை. நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்கி, விடியுமுன் ஓய்ந்திருந்தது.

இதற்குரிய பௌதிகம் பழையது. ஓடும் நீருக்கு எடையும் வேகமும் உண்டு. அதைத் திடீரென நிறுத்தினால் அந்த வேகம் அழுத்தமாக மாறி, அலையாகக் குழாயில் திரும்பி ஓடும். ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் ஜுக்கோவ்ஸ்கி 1897, 1898 ஆம் ஆண்டுகளில் மொஸ்கோ நகர நீர்க்குழாய்களில் இதனைச் சோதித்து அளந்தார். விநாடிக்கு 1 மீற்றர் வேகத்தில் இரும்புக் குழாயில் ஓடும் நீரை ஒரு கணத்தில் மறித்தால், ஏறத்தாழ 120 மீற்றர் உயர நீர்த்தூணுக்கு நிகரான அழுத்தம் எழும். பிளாஸ்டிக் குழாயில் அதில் மூன்றிலொரு பங்கு எழலாம். நம் வீட்டுத் தாங்கியின் உயரம் 10 மீற்றர்கூட இராது. அந்த அடியைச் சுவரில் இறுகப் பிடிக்காத குழாய் வாங்கினால், அது சுவரையே தட்டும்.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. பைப்பை மூடிய கணத்தில் ஒரே அடி கேட்டால், அது மேலே சொன்ன நீரின் அடி. பைப்பைத் திறந்திருக்கும்போது மட்டும் கரகரத்தால், உள்ளிருக்கும் வாசர் தளர்ந்திருக்கக்கூடும். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் 'டிக் டிக்' என்றால், குழாய் விரிந்து சுருங்குகிறது. எல்லாவற்றையும் மூடிய பின்னும் இடைவிடாத சீறல் கேட்டால் கசிவைச் சந்தேகிக்கவேண்டும். மீற்றரின் சிறு சக்கரம் அப்போதும் சுழன்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். கசிவு ஒன்றுதான் சுவரை உடைக்கப் பெரும்பாலும் நியாயமான காரணம்.

நண்பர் வீட்டில் மீற்றர் சாட்சியம் வேறாக இருந்தது. தாங்கிக்கு நீர் ஏறும் வழியிலுள்ள கேட் வால்வை ஓரிரவு மூடிவைத்தோம். சுவர் மௌனமாயிற்று. மறுநாளிரவு அதைத் திறந்துவிட்டு, ஒரு நீண்ட ஸ்குறூ டிரைவரின் நுனியைச் சுவரிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டோம். நீர் வழங்கும் துறையினர் கசிவு தேடப் பல நாடுகளில் பயன்படுத்திவரும் கேட்கும் கோலின் ஏழைத் தம்பி அது. மேலே போகப் போக ஒலி வலுத்தது.

ஊர் உறங்கியபின் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது. தாங்கி நிரம்பும் தறுவாயில், விழும் நீரின் அலையில் மிதவை மேலும் கீழும் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் தேய்ந்த வால்வு மூடித் திறக்கிறது. ஒவ்வொரு மூடலும் ஓர் அடி. குழாய் கூரையை நோக்கி வெளிவரும் இடத்தில் கிளிப் கழன்றிருந்ததால், அந்த அடியெல்லாம் கொங்கிறீற்று விளிம்பில் இறங்கின. தாங்கி நிரம்பி நீர் நின்றதும் ஓய்வு. கொப்பியில் எழுதிய நேரங்கள் இதனுடன் பொருந்தின.

பைப் வேலை செய்யும் தம்பி ஒருவர் மிதவை வால்வைப் புதிதாக மாற்றினார். கேட் வால்வைச் சற்றுத் தாழ்த்தி நீரின் வேகத்தைக் குறைத்தார். பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் குழாயில் சுற்றிப் புதுக் கிளிப் இறுக்கினார். ஒரு செங்கல்லும் பெயரவில்லை.

வேலை முடிந்ததும் தம்பி செய்த இன்னொரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். உம்மாவை ஏணியடிக்கு அழைத்து, கழற்றிய பழைய வால்வைக் கையில் கொடுத்து, "இதுதான் உம்மா தட்டினது" என்று ஆட்டிக் காட்டினார். மகன் மாதக்கணக்காகச் சொன்னதும் அதே உண்மைதான். ஆனால் உம்மாவுக்கு வேண்டியிருந்தது ஆறுதல் வார்த்தையல்ல, சத்தத்தின் காரணம். அதை அவர் நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உங்கள் வீட்டுச் சுவர் தட்டினால் உளியை எடுக்குமுன் ஒரு கொப்பியை எடுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு வீட்டில் யாரேனும் அஞ்சினால், காரணத்தை அவர் கையில் கொடுக்கும்வரை வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள்.